துருத்துக்குப் போன நாள்

ஏழு நாற்பதுக்கு ரெஜிஸ்தரில் கையெழுத்திட்டோம்.
வார்டு செருப்பைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினோம்
நானும் அஜிதாவும் றெஜினாளும்.
கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம்.
டிக்கெட் கேட்டுத் தோளைத் தட்டிய கண்டக்டரிடம்
"பிரஷர் அப்பவே பாத்தாச்சு" என்றாள் அஜிதா
கண்ணைத் திறக்காமலே.
முன்சீட்டு மீன்காரிகள் சிரித்த சிரிப்பில்
காலிச் சருவம் ஒன்று உருண்டது.

புத்தளத்து உப்பளம்
கண்ணில் வெள்ளையாய் அறைந்தபோதுதான்
இன்று வியாழன் என்பது உறைத்தது.
எதிரே வந்த பஸ்ஸெல்லாம் நிறைந்து வந்தன,
எல்லோரும் சோப்பு வாசனையோடு நகரத்துக்கு.

ஒழுகினசேரியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பின்சுவரோரம்
பாலித்தீன் சுமந்து கறுத்துப் போகிற அதே பழையாறு.
மணக்குடியில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை.
அகன்று கிடந்தது,
லீவு போட்டவள் மாதிரி.

வள்ளக்காரர் சூசைமிக்கேல்
"தலைக்கு நாப்பது. அஞ்சு மணிக்கு வாறேன்.
அங்க ஒண்ணும் கெடையாதே பிள்ளையளே" என்றார்.
"அதுக்குத்தான் போறோம்" என்றாள் றெஜினாள்.

ஏழு தென்னை.
எண்ணியது நான்தான், கட்டில் எண்ணுகிற பழக்கம்.
ஏழாவதுக்கு மண்டை இல்லை.
அதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

நீந்துவதாக இருந்தது. மாற்றுத்துணி கொண்டுவந்திருந்தோம்.
போட்டோ எடுப்பதாக இருந்தது.
றெஜினாளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி
வார்டில் பேச முடியாததையெல்லாம்
பேசித் தீர்ப்பதாக இருந்தது.
பொதி பிரித்து மரச்சீனியும் சாளைக்கறியும் தின்றோம்.
இலையை ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்புகிறேன்,
கறிக்கையை மடியில் மலர்த்திவைத்தபடி
றெஜினாள் உறங்கிவிட்டிருந்தாள்.
அஜிதா அதற்கும் முன்னே.

எவ்வளவு நேரமோ.
டுக். டுக். டுக்.
நாலாம் கட்டில்!
எழுந்து மூன்றடி ஓடிய பிறகுதான்
காலடியில் மணல் என்று தெரிந்தது.
தென்னையில் ஏதோ ஒரு குருவி,
பெயர் தெரியாது.
கைக்கடிகாரம் பார்த்து எண்ணினேன்,
நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.
குருவிக்கு அது நார்மலோ என்னவோ.
நாலாம் கட்டில்காரரை
விடிகாலை மூன்றே காலுக்கே அனுப்பியாகிவிட்டது.
மானிட்டரை அணைத்ததும் நான்தான்.

பிறகு உறக்கம் வரவில்லை.
உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தேன்.
போய்க்கொண்டிருந்த தண்ணீர்
சற்று நேரம் எந்தப் பக்கமும் போகவில்லை,
வாசலில் பையை மறந்த ஆள்போல் நின்றது.
அப்புறம், பைய, மேற்சென்றது.
பொழி திறந்து கிடக்கிறது, கடல் ஏறுகிறது,
அவ்வளவுதான்.
ஒரு தென்னம்மட்டை நகரத்தைப் பார்த்துப் போனது.
அதன் பின்னால் எங்கள் வாழையிலை,
கறிக்கறை கழுவிப் பச்சையாக.

எறிந்தது திரும்புகிறதென்றால்
எல்லாம் திரும்புமென்று இல்லை. தெரியும்.
இருந்தாலும் கொஞ்சநேரம்
பொழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறென்ன வருகிறதென்று.

ஐந்துக்கே வந்துவிட்டாராம் சூசைமிக்கேல்.
மூன்று பேரும் கிடந்த கிடையைப் பார்த்து
கூப்பிட மனமில்லாமல்
கழுக்கோலை ஊன்றிவிட்டு
இரண்டு பீடி குடித்து முடித்திருந்தார்.
"நல்லா சுத்திப் பாத்தியளா?"
"பாத்தோம், பாத்தோம்" என்றாள் அஜிதா,
கன்னம் முழுக்க விரிப்பின் தையல்.
ஏற்றும்போது எண்ணினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு.
அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருந்தது.
நூற்றிருபதுக்குப் பதில் நூற்றைம்பது கொடுத்தேன்,
முப்பதைத் திருப்பித் தந்துவிட்டார்.

இரவு எட்டுக்கு வார்டு.
செருப்பை உதறினால் மணல்;
தூப்புக்காரக்கா முறைத்தாள்.
நாலாம் கட்டிலில் புது விரிப்பு, புது ஆள்,
வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.
சார்ட்டில் எழுத ஊர் கேட்டேன்.
"பூதப்பாண்டி" என்றார்.
ஆறு வருகிற பக்கம்.